எண்ணெய் ஊற்றினால் ஃபேட் ஏறுமா? கறவை மாட்டின் தீவனமும் பாலின் கொழுப்பும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பால் சொசைட்டி வாசலில் காலையில் நின்றால் அடிக்கடி ஒரு பேச்சு காதில் விழும். "ஃபேட் இறங்கிப் போச்சு, கொஞ்சம் கடலெண்ணெய் ஊத்திப் பாரு." கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். பாலில் கொழுப்பு வேணும்னா மாட்டுக்குக் கொழுப்பைக் கொடுக்கணும், அவ்வளவுதானே?

அப்படி இல்லை. பச்சை எண்ணெயை அளவுக்கு மேல் கொடுத்தால் பாலின் கொழுப்பு ஏறாது, பெரும்பாலும் இறங்கும். எண்ணெய் வாங்கிய காசும் போகும், சொசைட்டியில் வரவேண்டிய காசும் குறையும். ஏன் இப்படி நடக்கிறது, தீவனத்தில் எவ்வளவு கொழுப்பு இருக்கலாம், ரீடிங் இறங்கினால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

சொசைட்டியில் எதை அளக்கிறார்கள்?

பாலின் விலை லிட்டரை மட்டும் வைத்துப் போடுவது இல்லை. கொழுப்புச் சத்து, கொழுப்பு அல்லாத திடச் சத்து ஆகிய இரண்டையும் பார்த்துத்தான் விலை வரும். முதலாவதை ஃபேட் என்றும், இரண்டாவதை எஸ்.என்.எஃப். என்றும் சொல்கிறோம். பசும்பாலில் குறைந்தது 3.2 சதவீதம் கொழுப்பும் 8.3 சதவீதம் எஸ்.என்.எஃப்.பும் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுகோல்.

பழைய முறையான கெர்பர் சோதனையில் 10 மி.லி. கந்தக அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால் மூன்றையும் ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டுச் சுழற்றுவார்கள். கொழுப்பு மட்டும் மேலே பிரிந்து நிற்கும். இப்போது பல இடங்களில் மெஷினே சில நொடிகளில் அளந்து சொல்லிவிடுகிறது.

10 லிட்டர் கறக்கும் ஒரு மாட்டில் ஃபேட் 4.2-லிருந்து 3.2-க்கு இறங்கினால், ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் பால் கொழுப்பு குறைகிறது. மாதத்துக்கு 3 கிலோ. இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாலில் உள்ள கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையான பெருவயிற்றை டாக்டர்கள் ருமென் என்பார்கள். அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாம் போடும் புல்லையும் வைக்கோலையும் முதலில் சாப்பிடுவது மாடு இல்லை, இந்த நுண்ணுயிர்கள்தான். நார்ச்சத்தை உடைத்து அவை அசிட்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. வினிகரில் புளிப்பு தருகிறதே, அதே அமிலம்தான்.

அந்த அசிட்டிக் அமிலம் ரத்தத்தில் கலந்து மடிக்குப் போகிறது. மடி அதை வைத்துப் புதிதாகக் கொழுப்பு தயாரிக்கிறது. பாலில் இருக்கும் கொழுப்பில் ஏறக்குறைய பாதி இப்படி மடியிலேயே உருவாவதுதான். மீதிப் பாதி, தீவனத்தில் இருந்த கொழுப்பும் மாட்டின் உடம்பில் சேர்ந்திருந்த கொழுப்பும் ரத்தம் வழியாக வந்து சேர்வது.

சுருக்கமாகச் சொன்னால், பால் கொழுப்பில் பாதி புல்லில் இருந்து வருகிறது. நார் குறைந்தால் அசிட்டிக் அமிலம் குறையும், அசிட்டிக் அமிலம் குறைந்தால் ஃபேட் குறையும்.

எண்ணெய் உள்ளே போனால் என்ன ஆகிறது?

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் எல்லாம் அறை வெப்பத்தில் திரவமாக இருப்பவை. இவற்றில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதிகம். பெருவயிற்றுக்குள் இவை மூன்று விதமாகத் தொந்தரவு செய்கின்றன.

முதலாவது, நார் துணுக்குகளின் மேல் எண்ணெய் ஒரு பூச்சு மாதிரி படிந்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் நாரில் ஒட்ட முடியாது. ஒட்டினால்தான் செரிக்க முடியும்.

இரண்டாவது, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கே இந்தக் கொழுப்பு அமிலங்கள் நஞ்சு மாதிரி. அவற்றின் எண்ணிக்கை குறையும். மாடு தின்ற வைக்கோல் முழுதாகச் செரிக்காமல் சாணத்தோடு வெளியே போகும்.

மூன்றாவதுதான் முக்கியம். மிஞ்சியிருக்கும் நுண்ணுயிர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள, நிறைவுறாக் கொழுப்பை நிறைவுற்ற கொழுப்பாக மாற்றப் பார்க்கும். வழக்கமாக இந்த வேலை ஒழுங்காக முடிந்துவிடும். ஆனால் எண்ணெய் அதிகமாகி, நார் குறைந்து, வயிற்றில் புளிப்பும் ஏறியிருந்தால் இந்த மாற்றம் வேறு வழியில் திரும்பிவிடும். நடுவில் டிரான்ஸ்-10, சிஸ்-12 சி.எல்.ஏ. என்ற ஒரு கொழுப்பு அமிலம் உருவாகும். இது ரத்தம் வழியாக மடிக்குப் போய், கொழுப்பு தயாரிக்கும் வேலையையே மட்டுப்படுத்திவிடுகிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் பாலின் அளவு குறையாமலே இருக்கலாம், எஸ்.என்.எஃப்.பும் பெரிதாக மாறாது. ஃபேட் மட்டும் தனியாக இறங்கும்.

இது புதுப் பிரச்சினை இல்லை

தீவனத்தால் பால் கொழுப்பு இறங்குவதைப் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பூசிங்கோ 1845-லேயே எழுதியிருக்கிறார். காரணம் பிடிபடத்தான் நூற்றைம்பது வருஷம் ஆனது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மேலே சொன்ன அந்தக் கொழுப்பு அமிலத்தை மட்டும் நாளைக்கு 10 கிராம் வீதம் நான்கு நாள் நேராக மாடுகளின் நான்காம் வயிற்றுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பால் கொழுப்பு 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. தீனி எடுப்பதும் பாலின் அளவும் மாறவில்லை. 10 கிராம் என்பது இரண்டு டீஸ்பூன் அளவு. அதற்கே இவ்வளவு பாதிப்பு என்றால், தினமும் கால் லிட்டர் எண்ணெய் ஊற்றும் முன் யோசிக்க வேண்டும் இல்லையா?

நம்ம பக்கத்துத் தீவனத்தில் எண்ணெய் எவ்வளவு?

திண்டிவனம் என்றாலே எண்ணெய் வித்துதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை, எள் ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனம்தான். கடலையும் எள்ளும் விளையும் ஊரில் புண்ணாக்குக்குப் பஞ்சம் இல்லை. நெல்லும் விளைவதால் தவிடும் தாராளம். அதனால் நம்ம மாடுகளுக்கு, நாம் ஊற்றாமலே, தீவனத்தின் வழியாக எண்ணெய் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சுமாரான அளவுகள் இவை:

• செக்கில் ஆட்டிய கடலைப் புண்ணாக்கு: 100 கிலோவில் 8 கிலோ வரை எண்ணெய், சில சமயம் அதற்கும் மேல்
• ஆலையில் எண்ணெய் முழுக்க எடுத்த புண்ணாக்கு: சுமார் 1 கிலோ
• உமி கலக்காத பச்சை அரிசித் தவிடு: சுமார் 15 கிலோ
• எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு: சுமார் 1 கிலோ
• முழுப் பருத்திக்கொட்டை: 18 முதல் 20 கிலோ
• பசுந்தீவனம், வைக்கோல்: காய்ந்த எடையில் 1 முதல் 3 கிலோ

பருத்திக்கொட்டையில் எண்ணெய் அதிகம் இருந்தாலும், அது கொட்டைக்குள் அடைபட்டிருப்பதால் மெதுவாகத்தான் வெளியே வரும். அதோடு நாரும் சேர்ந்திருக்கிறது. அதனால் அளவாகக் கொடுத்தால் பச்சை எண்ணெய் மாதிரி பாதிக்காது.

மாடு ஒரு நாளில் தின்பதில் தண்ணீரைக் கழித்து மிச்சம் உள்ள காய்ந்த எடையில், மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

400 கிலோ எடையில் 10 லிட்டர் கறக்கும் ஒரு கலப்பினப் பசு. அதற்கு ஒரு நாளைக்கு 20 கிலோ பசும்புல், 4 கிலோ வைக்கோல், 2 கிலோ செக்குக் கடலைப் புண்ணாக்கு, 3 கிலோ பச்சைத் தவிடு கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த எடை சுமார் 12 கிலோ வரும். 6 சதவீதம் என்றால் 720 கிராம் கொழுப்பு. அதுதான் எல்லை.

இப்போது உள்ளே போவது எவ்வளவு?

• புல்லும் வைக்கோலும்: சுமார் 125 கிராம்
• கடலைப் புண்ணாக்கு: 160 கிராம்
• பச்சைத் தவிடு: 450 கிராம்
• மொத்தம்: 735 கிராம்

ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை, அதற்குள் எல்லையைத் தொட்டுவிட்டோம். இதற்கு மேல் 200 மி.லி. எண்ணெய் ஊற்றினால் 900 கிராமைத் தாண்டும். அதாவது ஏழரை சதவீதம்.

என்ன செய்யலாம்? 3 கிலோ பச்சைத் தவிட்டை 1 கிலோவாகக் குறைத்து, மீதி 2 கிலோவுக்குப் பதில் ஒன்றரை கிலோ எண்ணெய் நீக்கிய தவிடும், அரை கிலோ உடைத்த மக்காச்சோளமும் சேர்த்தால் மொத்தக் கொழுப்பு 470 கிராமுக்கு வந்துவிடும். 4 சதவீதத்துக்குள் அடங்கும். புல்லைத் தொடவே இல்லை, செலவும் பெரிதாக ஏறாது. உங்கள் வீட்டு மாட்டுக்கும் இதே மாதிரி ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

பைபாஸ் கொழுப்பு என்றால் என்ன?

கன்று போட்ட முதல் மூன்று மாதம் மாட்டுக்குச் சோதனைக் காலம். பால் வேகமாக ஏறும், தீனி அந்த வேகத்துக்கு எடுக்காது. மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்கும், இளைக்கும், சினைப் பிடிப்பும் தள்ளிப்போகும். நிறையக் கறக்கும் மாட்டுக்கு அந்தச் சமயத்தில் கூடுதல் எரிசக்தி தேவை. அதற்காக வந்ததுதான் பைபாஸ் கொழுப்பு.

கொழுப்பு அமிலத்தைக் கால்சியத்தோடு சேர்த்துச் சோப்பு மாதிரி கட்டிவிடுகிறார்கள். இது பெருவயிற்றில் கரையாமல், நுண்ணுயிர்களைத் தொடாமல் கடந்து போகும். நான்காம் வயிற்றின் கடும் புளிப்பில்தான் பிரிந்து, குடலில் செரிக்கும். நல்ல கறவை மாட்டுக்கு நாளைக்கு 100 முதல் 200 கிராம் வரை, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம்.

ஆனால் ஐந்து, ஆறு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இது தேவையில்லாத செலவு. புல்லும் வைக்கோலும் பற்றாத மாட்டுக்குப் பைபாஸ் கொழுப்பு கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. முதலில் நார், அப்புறம்தான் மற்றது.

ரீடிங் இறங்கினால் பார்க்க வேண்டியவை

1. ஃபேட் மட்டும் இறங்கியதா, எஸ்.என்.எஃப்.பும் சேர்ந்து இறங்கியதா? ஃபேட் மட்டும் என்றால் தீவனத்தையும் வயிற்றையும் சந்தேகப்படுங்கள். இரண்டும் இறங்கினால், பாலில் தண்ணீர் சேர்ந்ததா, மாட்டுக்குத் தீனியே பற்றவில்லையா என்று பாருங்கள்.

2. கடைசிப் பால் யாருக்குப் போகிறது? கறக்கத் தொடங்கும்போது வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு. மடி வற்றும் நேரத்தில் வரும் பாலில் பல மடங்கு அதிகம். கடைசியில் கன்றை ஊட்டவிட்டால் கொழுப்பு கன்றுக்குப் போகும், சொசைட்டிக்கு வராது. கன்றுக்கு உரிய பாலைத் தொடக்கத்திலேயே ஊட்டவிட்டு, பிறகு மடியை முழுதாகக் கறந்துவிடுங்கள்.

3. கறவை இடைவெளி எவ்வளவு? இரவு இடைவெளி நீண்டால் காலையில் பால் அதிகமாகவும் ஃபேட் குறைவாகவும் இருக்கும். ஒரு வேளை ரீடிங்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நாலைந்து நாள் ரசீதைச் சேர்த்துப் பாருங்கள்.

4. மாடு அசை போடுகிறதா? ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போட வேண்டும். அசை போடும்போது சுரக்கும் உமிழ்நீர்தான் வயிற்றுப் புளிப்பை ஆற்றுகிறது. அசை குறைந்து, சாணம் இளகி நுரைத்திருந்தால் வயிறு கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

5. சோறு, கஞ்சி, மாவு அதிகமாகப் போனதா? இவை வயிற்றில் வேகமாகப் புளித்துவிடும். பொங்கல், கல்யாண வீட்டு மிச்சத்தை மொத்தமாகக் கொட்டினால் ஃபேட் இறங்குவதோடு நிற்காது, மாட்டின் உயிருக்கே ஆபத்து.

6. வெயில் எப்படி? சித்திரை, வைகாசியில் மாடு பகலில் நார்த்தீனி எடுக்காது. வைக்கோலையும் புல்லையும் அதிகாலையிலும் இரவிலும் போடுங்கள். தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும்.

தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இறங்கிய ஃபேட் மறுபடி ஏற இரண்டு, மூன்று வாரம் ஆகும். நாலாம் நாளே "ஒண்ணும் ஆகலையே" என்று விட்டுவிட வேண்டாம்.

கேள்வியும் பதிலும்

*வயிறு உப்புசத்துக்கு டாக்டரே எண்ணெய் கொடுக்கச் சொல்றாரே?*
அது மருந்து. நுரையை உடைக்க அந்த ஒரு வேளைக்குக் கொடுப்பது. தினசரி தீவனத்தில் ஊற்றுவது வேறு.

*ஜெர்சி மாட்டுக்கு 4.5 வருது, பக்கத்து வீட்டு எச்.எஃப். மாட்டுக்கு 3.6 தான் வருது. தீவனம்தான் காரணமா?*
இனமும் ஒரு காரணம். ஜெர்சி கலப்பினத்துக்கு இயல்பாகவே கொழுப்பு அதிகம், எச்.எஃப். கலப்பினத்துக்குப் பால் அதிகம். தீவனத்தைச் சரிசெய்தால் அந்த இனத்தின் எல்லை வரை ஏறும், அதற்கு மேல் ஏறாது.

*கன்னு போட்ட பத்து நாள்ல ஃபேட் திடீர்னு ரொம்ப ஏறிடுச்சு. நல்லதுதானே?*
மாடு இளைத்துக்கொண்டே வந்து, தீனியும் குறைந்திருந்தால் நல்லது இல்லை. உடம்புக் கொழுப்பு அதிகமாகக் கரைகிறது என்பதன் அடையாளம். கீட்டோசிஸ் நோயாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

*பழைய கடலைப் புண்ணாக்கு, லேசா பூஞ்சை பிடிச்சிருக்கு. மாட்டுக்குத்தானே?*
வேண்டாம். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு மாட்டின் வழியாகப் பாலிலும் வரும். அந்தப் பாலை நம்ம குழந்தைகளும்தான் குடிக்கிறார்கள். பச்சைத் தவிடும் நாள்பட்டால் காறிப்போகும், தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

• 1962: கால்நடை மருத்துவ அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண். மாடு தீனி எடுக்காமல், அசை போடாமல் இருந்தால் காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.
• 1800-180-1551: கிசான் கால் சென்டர். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை.
• இ-கோபாலா செயலி: தேசிய பால்வள வாரியத்தின் உதவியோடு 2020-ல் வந்தது. மாட்டுக்குச் சரிவிகிதத் தீவனம் பற்றி இதில் பார்க்கலாம். மாட்டின் காதில் உள்ள 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
• வேளாண் அறிவியல் நிலையம், திண்டிவனம்: பசுந்தீவன வளர்ப்பு பற்றி நேரில் கேட்கலாம்.
• தீவனப் பரிசோதனை: நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. புண்ணாக்கிலும் தவிட்டிலும் எண்ணெய் எவ்வளவு, பூஞ்சை நஞ்சு உண்டா என்று அங்கே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மாதிரியை அனுப்பினால் செலவு பகிர்ந்துவிடும்.

பால் ஊற்றும்போது ஃபேட், எஸ்.என்.எஃப். இரண்டும் எழுதிய ரசீதைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தீவனம் மாற்றிய தேதியையும் குறித்துவைத்தால், எந்த மாற்றத்துக்குப் பிறகு ரீடிங் ஏறியது, எதற்குப் பிறகு இறங்கியது என்று மூன்று வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். எண்ணெய்க்குச் செலவழிக்கும் காசை ஐந்து சென்ட் நிலத்தில் தீவனப்புல் கரணை நடச் செலவழியுங்கள். பாலில் கொழுப்பு ஏறுவது அந்தப் புல்லால்தான்.